காலை வரை இருந்த மருந்து

மார்ச் 4

அண்ணி,

மூன்று தடவை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது தடவை அண்ணன் எடுத்து, "அவ குளிக்கிறா" என்றார். பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது: "குளிக்கிறேன்னு சொல்லுங்க." அதனால்தான் கடிதம். இதைக் குளித்துவிட்டு வந்தும் படிக்கலாம்.

போன மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில் நான் சொன்னதில் உங்களுக்குக் கோபம். பஸ்ஸை நிழற்குடையில் மோதிவிட்டு நெற்றித் தையலோடு உட்கார்ந்திருந்தவரிடம், எல்லார் முன்னாலும் "தூங்கியிருப்பீங்க அண்ணி" என்று சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் அதற்காக என்னைக் கடிந்துகொண்டார், சரிதான். ஆனால் சொன்ன விஷயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய ஒருத்தர், தினமும் போகும் பாதையில், மழையில்லாத காலையில், ப்ரேக்கைத் தொடாமலே நேராகப் போய் மோதியிருக்கிறார். சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லையாம். வெறும் கவனக்குறைவு என்றால் கடைசி நொடியிலாவது கால் ப்ரேக்குக்குப் போயிருக்கும்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். நீங்கள் சில மாதமாகத் தூக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களாம். அதை ஏன் அன்றைக்கு யாரும் என்னிடம் சொல்லவில்லை? நான் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருப்பது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தலைவலித் தைலத்துக்குக்கூட என்னைத்தான் கேட்பீர்கள்.

மாத்திரையின் பெயர், அதன் அளவு, விபத்துக்கு முந்தின ராத்திரி எப்போது சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். என் மேல் உள்ள கோபத்தை வேறு தாளில் எழுதலாம்.

உங்கள் நாத்தனார்

—

மார்ச் 12

சின்னவளுக்கு,

வேறு தாள் எதற்கு, இதிலேயே இடம் இருக்கிறது.

நீ கூடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாய். மறுநாள் எனக்கு டிப்போவில் விசாரணை. மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" அடுத்தது: "பிள்ளைங்களை நினைச்சுக்கிட்டே ஓட்டினீங்களா?" என் பிள்ளைகள் தாடி வளர்த்துக்கொண்டு வேறு ஊரில் வேலை பார்க்கிறார்கள். நான் அவர்களை நினைப்பதைவிட அவர்கள் என்னை நினைப்பது குறைவு, அவ்வளவுதான் பிரச்சினை. போன வருஷம் ஒரு டிரைவர், ஆண், பாலத்துச் சுவரை இடித்தார். அவரிடம் ப்ரேக் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். என் வண்டியின் ப்ரேக்கைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாராயம் இல்லை என்று வந்ததும் மேனேஜருக்கு முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது. 'கவனக்குறைவு' என்று எழுதி சஸ்பெண்ட் செய்து அனுப்பிவிட்டார்.

இனி உன் மாத்திரை. ஒரு வருஷமாகவே ராத்திரியில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரைக்கும் ஏறும். தலையணை நனைந்துவிடும். எழுந்து முகம் கழுவிவிட்டுப் படுத்தால் திரும்பவும் வரும். விடிவதற்குள் முதல் வண்டி எடுக்க வேண்டியவள் நான். சுகாதார நிலையத்துக்குப் போய் 'பெண்கள் நலப் பிரிவு' என்று போர்டு போட்ட வாசலில் நின்றேன். நர்ஸ் தலையைத் தூக்காமலே கேட்டாள், "எத்தனாவது மாசம்?"

"மாசமே நின்னுபோயி ஒரு வருஷமாச்சும்மா."

"அப்ப இங்க இல்லை. பொதுப் பிரிவுக்குப் போங்க."

பொதுப் பிரிவில் ஒரு டாக்டர். நான் பேசி முடிப்பதற்குள் மாத்திரையை எழுதிவிட்டார். "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான். தூக்கம் வந்தாச் சரியாயிடும்."

"அந்தச் சூடு, டாக்டர்?"

"தூங்கினா சூடு தெரியாது."

அது உண்மைதான். தெரியவில்லை.

மாத்திரை அட்டையை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். படுக்கும்போது முழுசாக ஒன்று சாப்பிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான். நன்றாகத் தூங்கினேன், அலாரம் அடித்ததும் எழுந்தேன், காபி குடித்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன். தூக்கக் கலக்கத்தில் ஒருத்தியால் காலர் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட முடியுமா? நீயே சொல்.

பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. நிழற்குடை ஓரமாகப் பத்திரிகை விற்கிறவருக்குத்தான் தொடை எலும்பு முறிந்துவிட்டது. இன்னும் படுக்கையில் இருக்கிறார். அதை நினைத்துத்தான் போன் எடுக்கப் பிடிக்கவில்லை. எல்லாப் பழியையும் உன் மேல் போட்டுக்கொள்ளாதே.

அண்ணி

—

மார்ச் 21

அண்ணி,

தூக்கக் கலக்கத்தில் இஸ்திரி போட முடியும். சமைக்கலாம், பேசலாம், வண்டியும் எடுக்கலாம். இந்த வகை மருந்து உடம்பில் மிச்சம் இருக்கும்போது, தான் தெளிவாக இருப்பதாகத்தான் அந்த ஆளுக்குத் தோன்றும். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. மருந்தின் குணம் அது.

உங்கள் மாத்திரைக்கு அனுமதி கொடுத்த காலத்துக் காகிதங்களை எடுத்துப் படித்தேன். எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானித்த சோதனைகளில் இருந்தவர்கள் அநேகமாக இளம் ஆண்கள். பெண்களைச் சேர்த்தால் மாதச் சுற்று கணக்கைக் குழப்பும், கர்ப்பமாக இருந்துவிட்டால் ஆபத்து என்று விட்டிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரை கடைக்கு வந்தபோது அதை ஆண்களுக்கு மட்டும் விற்கவில்லை. பிற்பாடு செய்த ஒரு சின்னச் சோதனையில் பெண்கள் இருக்கிறார்கள். அதே மாத்திரை, அதே நேரம். காலையில் ரத்தத்தைப் பார்த்தால் பெண்களிடம் மருந்து நிறையவே மிஞ்சியிருக்கிறது. எடை குறைவு என்பது மட்டும் காரணமில்லை. பெண்ணுடம்பு இந்த மருந்தை மெதுவாகத்தான் வெளியே தள்ளுகிறது. அந்த அட்டவணைக்குக் கீழே 'அளவை மாற்றத் தேவையில்லை' என்று ஒரு வரி. ஏன் தேவையில்லை என்று யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது ஒரு வேண்டுகோள். சாராயத்தைப் பார்க்க எடுத்த ரத்தத்தில் மிச்சம் இன்னும் ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் ஃப்ரீசரில் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் பார்ப்பார்கள், ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். கோடை முடிவதற்குள் கொட்டிவிடுவார்கள். மருந்து இருந்தால் 'கவனக்குறைவு' என்ற பழி நிற்காது. எங்கள் மருந்தளவுக் குழுவில் பெண்களுக்கு அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் ஆதாரம் கிடைக்கும். மருந்து இல்லையென்றால், இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குறையுங்கள்.

நாத்தனார்

—

மார்ச் 29

சின்னவளுக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன்.

காரணம் சொல்கிறேன், கேள். நான் வேலைக்கு விண்ணப்பித்தபோது, பெண்ணுக்குக் கால் எட்டாது என்றார்கள். எட்டியது. பிறகு, மாதத்தில் சில நாள் எரிச்சல் வரும், அந்த நாளில் பயணிகளின் கதி என்ன என்றார்கள். அப்போதைய மேனேஜருக்கு மாதம் முப்பது நாளும் எரிச்சல்தான், அவர் பயணிகளை விட்டுவிட்டு எங்களைத்தான் கடித்தார். அதற்குப் பிறகு கர்ப்பம். இப்போது நாங்கள் டிப்போவில் ஏழு பெண்கள். ஒவ்வொரு தடவையும் எங்கள் உடம்பிலிருந்து ஒரு காரணத்தை எடுத்து வாசலில் குறுக்கே போட்டார்கள், நாங்கள் தாண்டி வந்தோம்.

இப்போது நீ போய், "பெண்களுக்கு மருந்து காலை வரைக்கும் உடம்பில் இருக்கும்" என்று சொல்லப் போகிறாய். உன் குழு அதைக் கேட்டுவிட்டு மாத்திரையைக் குறைக்கும் என்று நினைக்கிறாய். என் மேனேஜர் அதைக் கேட்டால் பெண்களைக் குறைப்பார். அது சுலபம் பார், ஒரே ஒரு சுற்றறிக்கையில் முடிந்துவிடும்.

எங்கள் பாதையில் கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் பஸ்ஸுக்குப் பின்னால் போய்விடுவார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவோம். எங்களில் பாதிப் பேருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. இதுவும் உடம்பின் வித்தியாசம்தானே? இதைச் சரி செய்ய ஒரு கதவும் ஒரு குழாயும் போதும். எத்தனையோ வருஷமாகக் கேட்கிறோம். வித்தியாசம் என்று தெரிந்தால் எங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவார்கள் என்பது உன் அலுவலகத்து நம்பிக்கை. என் டிப்போவில் அப்படி ஒன்றும் நடந்ததில்லை.

கவனக்குறைவு என்றால் என் ஒருத்தியின் தப்பு. அதோடு போகட்டும்.

அண்ணி

—

ஏப்ரல் 5

அண்ணி,

அந்த ரத்தம் உங்களுடையது. உங்கள் முடிவுதான் முடிவு. திரும்பக் கேட்க மாட்டேன்.

ஆனால் உங்கள் ஒருத்தியோடு போகவில்லை. மருந்தால் வந்த கோளாறுகளைப் பற்றி டாக்டர்கள் எங்களுக்கு எழுதி அனுப்புவார்கள். அலமாரியில் தேடினேன். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தோள் இறங்கிய ஓர் ஆசிரியை. கொதிக்கும் பாத்திரத்தைக் கையில் எடுத்தபடியே நின்றுவிட்ட ஒரு விடுதிச் சமையல்காரம்மா. இன்னும் சிலர். எல்லாரும் இதே மாத்திரை, இதே அளவு. காரணம் என்று போட்ட இடத்தில் அநேகமாக எல்லாருக்கும் 'மன அழுத்தம்' என்று எழுதியிருக்கிறது. நடுவில் ஓர் ஆணும் இருக்கிறார். அவருக்கு 'வேலைப்பளு'. இவர்களில் யாருக்கும் மருந்து அலுவலகத்தில் நாத்தனார் இல்லை போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். வித்தியாசமே கிடையாது என்று வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு ஆணின் அளவைக் கொடுத்தார்கள். வித்தியாசம் உண்டு என்று சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்கிறீர்கள். நீங்கள் சொல்வது நடக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காக அந்த அலமாரியை மூடிவிடவும் முடியவில்லை. உங்கள் பெயரோ கேஸோ இல்லாமல் என் குறிப்பைக் கொடுக்கப் போகிறேன். உங்களிடம் மறைத்துச் செய்ததாக இருக்கக் கூடாது, அதனால் எழுதினேன்.

நாத்தனார்

—

ஏப்ரல் 18

சின்னவளுக்கு,

பத்திரிகைக்காரரைப் பார்க்கப் போனேன். உன் அண்ணன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு யாராவது படுத்திருப்பதைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும், பிறகு நோயாளி எழுந்து அவரைத் தேற்ற வேண்டும்.

முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். கடையை இப்போது அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், நலமா கிலமா ஒன்றும் இல்லை, நேராகவே கேட்டார். "தூங்கிட்டீங்களா?"

"தெரியலை."

"தெரியலைன்னா எப்படிம்மா?"

"மருந்துக்கடை வளைவு திரும்பினது ஞாபகம் இருக்கு. அடுத்தது, கண்ணாடி உடைஞ்சு மடியில கிடக்குது. நடுவுல ஒண்ணுமே இல்லை." உன்னிடமும் மேனேஜரிடமும் நான் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். "எனக்குப் பூரா ஞாபகம் இருக்கு. நீங்க என்னைப் பார்த்துக்கிட்டேதான் வந்தீங்க. கண்ணு திறந்திருந்துச்சு. கையை ஆட்டினேன். பார்த்தீங்க. பார்த்துக்கிட்டே ஏத்தினீங்க. நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்னு படுத்துக்கிட்டு யோசிக்கிறேன். சில்லறை கொடுக்கறப்ப ஏதாச்சும் பேசிட்டேனான்னுகூட யோசிச்சேன்."

அந்த மனிதர் தன் மேலேயே தப்புத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடையை மூடிவிட்டு வந்த அவர் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ஆய்வகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் குழுவுக்காகப் போடவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மேல் ஏன் பஸ்ஸை ஏற்றினேன் என்று எனக்குத் தெரிய வேண்டும், அவருக்கும் தெரிய வேண்டும். மற்றது உன் இஷ்டம்.

மாத்திரையைப் பாதியாக்கி, பிறகு விட்டாயிற்று. சூடு திரும்ப வந்துவிட்டது.

அண்ணி

—

மே 9

அண்ணி,

ஆய்வகம் உங்களுக்கும் அனுப்பியிருக்கும். விபத்து நடந்த நேரத்தில் உங்கள் ரத்தத்தில் மருந்து இருந்திருக்கிறது. கொஞ்சமாக இல்லை. அந்த அளவில் ஒருவர் கண்ணைத் திறந்தபடி இருக்கலாம், பார்ப்பது மூளைக்குப் போய்ச் சேராது. பத்திரிகைக்காரரைப் பார்த்தீர்கள், ஆனால் அவர் உங்களுக்குத் தெரியவில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நேற்று குழு கூடியது. பெயரில்லாமல் 'ஓட்டுநர், பெண்' என்று உங்கள் முடிவையும், அலமாரியில் இருந்தவர்களையும் வைத்தேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரே மாத்திரைக்கு ரெண்டு அளவுன்னா டாக்டருங்க குழம்பிடுவாங்களே" என்றார்.

"குழந்தைக்கு ஒண்ணு, பெரியவங்களுக்கு ஒண்ணுன்னு எழுதறோம். அதுல குழம்பலையே சார்."

இன்னொருவர், மூத்த டாக்டர், நல்ல மனிதர், ஒரு வழி சொன்னார்: "வண்டி ஓட்டுற பெண்கள் மட்டும் இதைத் தவிர்க்கணும்னு ஒரு வரி போட்டுட்டாப் போதுமே." உங்கள் கடிதம் எனக்கு ஞாபகம் வந்தது. சமையல்காரம்மா வண்டி ஓட்டவில்லையே என்றேன். நடந்து போகிறவளும் மாடிப்படி இறங்குகிறவளும் வண்டி ஓட்டுகிறவர்கள் இல்லையே என்றேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில், பெண்களுக்குத் தொடக்க அளவு பாதி என்று முடிவானது. ஆணோ பெண்ணோ, மறுநாள் காலையில் கவனம் தேவைப்படும் வேலை செய்கிற எவரும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வரி.

சுகாதார நிலையத்தின் பெண்கள் பிரிவு பிரசவத்தோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகுள்ள வயதுக்கு யாருமில்லை, அதனால்தான் சூட்டுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தேன். தலைவர் அந்தப் பக்கத்தை மட்டும் மெதுவாகப் படித்துவிட்டு, "இது வேற துறைம்மா" என்றார்.

அறிவிப்பின் நகல் போக்குவரத்துத் துறைக்கும் போகிறது.

நாத்தனார்

—

மே 22

சின்னவளுக்கு,

உன் நகல் வந்து சேர்ந்தது. எங்கள் சுற்றறிக்கையை அப்படியே எழுதுகிறேன்: 'நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண் ஓட்டுநர்கள், மருத்துவத் தகுதிச் சான்று அளிக்கும் வரை, காலைப் பணியில் அமர்த்தப்பட மாட்டார்கள்.' ஆணோ பெண்ணோ என்று நீ போட்ட வரியை யாரும் படிக்கவில்லை. பெண் என்று இருந்த வரியை மட்டும் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

ஏழு பேரில் நான்கு பேருக்கு அந்த வயது. காலை ஷிஃப்டுக்குத்தான் படி அதிகம். நேற்று என் சாமான்களை எடுக்க டிப்போவுக்குப் போனேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள், என்னைப் பார்த்ததும் லாக்கரைச் சாத்தினாள். "உன் ரத்தத்தை நீ பார்த்துக்கிட்டே. எங்க ரத்தத்தை எதுக்கு இழுத்தே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அது இதைவிட மோசம்.

அன்றைக்கே சொன்னேனே என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

பத்திரிகைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப என் மேல கோபம் ஒண்ணும் இல்லை" என்றார். இல்லை என்றேன். மனைவியைக் கூப்பிட்டு அவளிடமும் அதைச் சொன்னார். உன் வேலையால் இது ஒன்று நல்லது நடந்தது.

இறுதி விசாரணை அடுத்த மாதம். சுற்றறிக்கையைப் பற்றிப் பேசச் சங்கமும் வருகிறதாம். எனக்குத் தூக்கமில்லை. இதற்கு மாத்திரை எழுதி அனுப்பாதே.

அண்ணி

—

மே 30

அண்ணி,

சுற்றறிக்கையைப் படித்தேன். நீங்கள் எச்சரித்தது நடந்துவிட்டது. விசாரணையில் வந்து பேச அனுமதி கேட்டேன், எங்கள் இயக்குநர் மறுத்துவிட்டார். வேறு துறை விசாரணையாம். இந்தத் துறைகளுக்கு நடுவில் எத்தனை பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்று யாராவது ஒரு நாள் பார்க்க வேண்டும்.

வர முடியாததால் எழுதுகிறேன். இந்த மருந்து பெண்களிடம் கூடுதலாகத் தங்குகிறது. அதற்காக ஆண்களிடம் தங்குவதே இல்லை என்று அர்த்தமில்லை. வயதான ஆண், ஒல்லியான ஆண், ராத்திரி தாமதமாக மாத்திரை போட்டுவிட்டு விடிவதற்குள் எழுகிற ஆண், இவர்களிடமும் காலையில் மிச்சம் இருக்கும். உங்கள் டிப்போ மாத்திரையைத் தேடவில்லை, பெண்களைத் தேடியிருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்காமலே இன்னும் மூன்று பெண்களை இறக்கிவிட்டது. சாப்பிடுகிற ஆண்கள் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. இதை அவர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். இந்தச் சூட்டுக்கே வைத்தியம் பார்க்கிறவர். விலாசம் பின்பக்கத்தில். போய் வாருங்கள். உங்களுக்குத் தூக்கத்தில் ஒரு கோளாறும் இல்லை, உங்களை எழுப்பிவிடுவது அந்தச் சூடுதான். அதை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் நாம் இந்தக் கடிதங்களை எழுதியிருக்க மாட்டோம்.

நாத்தனார்

—

ஜூன் 17

சின்னவளுக்கு,

விசாரணை முடிந்தது. நீ இல்லாததால் நடந்ததைச் சொல்கிறேன்.

டிப்போவின் பெரிய அறை. மேசைக்குப் பின்னால் மேனேஜர், தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா, ஓர் எழுத்தர். இந்தப் பக்கம் நான், சங்கத்துக்காரர்கள், ஷிஃப்ட் முடிந்து வந்த டிரைவர்கள். ஆய்வக முடிவை வாசித்தார்கள். மேனேஜர், "அதனாலதான் சுற்றறிக்கை போட்டோம். பயணிகளோட பாதுகாப்பு முக்கியம்" என்றார்.

எழுந்து கேட்டேன்: "காலை ஷிஃப்ட்ல இருக்கிற ஆம்பளைங்கள்ல எத்தனை பேர் தூக்க மாத்திரை போடறாங்கன்னு கேட்டீங்களா சார்?"

"அது அவங்க சொந்த விஷயம்மா."

"என்னோடதும் சொந்த விஷயமாத்தான் இருந்துச்சு."

அப்போது பின்வரிசையிலிருந்து கொம்பு மீசை எழுந்தார். நாங்கள் வைத்த பெயர். இருபத்தைந்து வருஷ சர்வீஸ், ஆள் பார்க்க அய்யனார் மாதிரி இருப்பார், குரல் மட்டும் சன்னம். "நான் போடறேன்" என்றார். "பொண்டாட்டி போன பிறகு தூக்கம் வரலை. டாக்டர் கொடுத்தார். போன மாசம் டிப்போ வாசல் தூணை உரசினேன். எனக்கு உரசினதே தெரியலை. கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்."

மேனேஜர், "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார்.

"யாரும் கேக்கலையே சார்."

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். ஒருத்தர் சளி மருந்து. தலைமை அலுவலகத்து அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார். "சுற்றறிக்கையை எழுதினது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

சுற்றறிக்கை ரத்து. இனி ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே கேள்வி: உறங்க வைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? ஆம் என்றால் மத்தியான வண்டி, சம்பளமும் படியும் குறையாது. அந்தக் கடைசி வார்த்தைக்காகச் சங்கத்துக்காரர்கள் நெடுநேரம் நின்று பேசினார்கள். என் மேல் இருந்த 'கவனக்குறைவு' நீக்கப்பட்டது. பத்திரிகைக்காரரின் வைத்தியச் செலவைத் துறை ஏற்றுக்கொள்கிறது. எனக்கு இரண்டு மாதம் மறுபயிற்சி, பிறகு வண்டி. கழிப்பறையைப் பற்றியும் கேட்டேன். பரிசீலிக்கிறார்களாம்.

லாக்கரைச் சாத்தினவள் வெளியே வந்து, என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தாள். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பழி என்னுடையது இல்லை, சரி. ஆனால் அவர் கையை ஆட்டியபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை என்னுடையது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டப் பழக வேண்டும். நீ கூடத்தில் சொன்னது சரி. சொன்ன இடம்தான் தப்பு. அதை நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய், நான் இப்போதுதான் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறேன்.

அண்ணி

—

ஜூலை 10

அண்ணி,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கொம்பு மீசை எழுந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன்.

மருந்துக் கம்பெனி புதிய அட்டையை அச்சடித்துவிட்டது. பெண்களுக்குப் பாதி என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. பெரிய எழுத்து கேட்டேன், கிடைக்கவில்லை. வேறு இருபது மருந்துகளின் பழைய சோதனைகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆள் கொடுக்கவில்லை, அலமாரிச் சாவியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். 'வேறு துறை' என்று சொன்ன அந்தப் பக்கத்தை அந்த வேறு துறைக்கே அனுப்பிவிட்டேன். அங்கே ஓர் இளம் அதிகாரி போன் செய்து, "பிரசவத்துக்கு அப்புறம் என்னங்க இருக்கு?" என்று உண்மையாகவே கேட்டார். முப்பது நாற்பது வருஷம் இருக்கிறது என்றேன். வந்து விளக்கச் சொல்லியிருக்கிறார்.

எழுத வேண்டாம் என்று நினைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். குழு கூடிய அன்று, மூத்த டாக்டருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சிலிருந்து சூடு ஏறியது. முகம் சிவந்து வியர்த்துவிட்டது. தலைவர், "கோபப்படாதீங்க, உக்காருங்க" என்றார். கோபமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது என்ன என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் நான் சொல்வது எதையும் அந்த அறையில் கேட்க மாட்டார்கள் என்று பட்டது. அதனால் கோபம் என்றே வைத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பெண்ணுடம்பைப் பற்றி அரை நாள் பேசினவள், என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் மார்ச் மாதம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேன் என்றீர்கள் என்பது எனக்கு அந்த நாற்காலியில்தான் விளங்கியது.

இது நாலைந்து மாதமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார்

—

செப்டம்பர் 3

சின்னவளுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. உனக்கும் சேர்த்து அந்த டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். நான் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் தடவை என்னை முழுசாகப் பேசவிட்டார். பேசி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் பேசினேன். சூடு இப்போது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ராத்திரியில் ஒரு தடவை வருகிறது, வந்துவிட்டுப் போகிறது, நானும் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். உன்னை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சரிப்பட்டது உனக்கும் சரிப்படும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாதாம், ஒவ்வோர் உடம்பாகப் பார்க்க வேண்டுமாம். உனக்குத் தெரியாததா. லீவு போட்டுவிட்டு வா. உன் அண்ணன் சமைப்பார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வண்டியை நேற்று எடுத்தேன். முந்தின நாள் உன் அண்ணன் வீட்டில் எல்லாக் கடிகாரத்துக்கும் அலாரம் வைத்துவிட்டார். டிப்போவில் சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன், சாவியைப் போட்டேன். கொம்பு மீசை மத்தியான ஷிஃப்டுக்கு மாறியவர், காலையிலேயே வந்து வாசலில் நின்றுகொண்டு கையை உயர்த்தினார்.

மருந்துக்கடை வளைவில் வேகத்தைக் குறைத்தேன். திரும்பினேன். நிழற்குடைக்குப் புதுத் தூண் போட்டிருக்கிறார்கள், பச்சை பெயிண்ட். கடையில் அந்த அம்மா மட்டும் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார். அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அதையே யோசித்துக்கொண்டு போனதில் அடுத்த நிறுத்தத்தைச் சற்றுத் தாண்டி நிறுத்திவிட்டேன். இரண்டு கையிலும் பைகளோடு ஒரு பெண் ஓடி வந்து ஏறினாள். ஏறினதும் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "ஏம்மா, ஸ்டாப்புல நிறுத்தத் தெரியாதா? தினம் இதே ரோதனை" என்றாள்.

தினம் நான் வருவதில்லை. ஏழு மாதமாக நான் இல்லவே இல்லை. அது அவளுக்குத் தெரியாது. அவள் திட்டியது பெண் ஓட்டுநரை இல்லை, விசாரணையில் நின்ற கேஸை இல்லை, மாத்திரை சாப்பிட்டவளை இல்லை. பஸ் ஓட்டுகிற ஓர் ஆளைத் திட்டினாள். எத்தனையோ வருஷமாக எல்லா டிரைவர்களும் வாங்குகிற திட்டு.

"தப்புதாம்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டேன்.

அண்ணி